மொய்யும் உண்டியலும்

ஒருவர் பிறருக்குக் கொடுத்த பொருளின்மேல், கொடுத்த பின்னரும் அவருக்கு ஏதேனும் உரிமை எஞ்சி நிற்கின்றதா? இவ்வினா கேட்பதற்கு எளிது. விடை கூறுவதற்கு அரிது. கொடுத்தது கொடுத்ததுதான், அதன்பின் அதைப்பற்றிப் பேசுவது அற்பத்தனம் என்று வாயாற் சொல்லாதார் இல்லை. ஆயினும் கோயில் மண்டபத்தில் தொங்கும் மின்விளக்கின்மேல், வெளிச்சத்தையே மறைக்கும்படி, கொடுத்தவர் பெயரும் அவர் தகப்பனார் பெயரும் எழுதப்பட்டிருப்பதை நாம் காணாத ஊரில்லை. விளக்கைக் கொடுத்தவர் இருளைப் போக்க விரும்பினாரா, தம் பெயரைப் படிக்க வெளிச்சம் தேடினாரா என்பது நமக்கு இன்னும் விளங்கவில்லை.

நம்மவரிடையே கொடை பெரும்பாலும் இரண்டு வழியாக நடைபெற்று வருகின்றது. ஒன்று மொய், மற்றொன்று உண்டியல். கலியாண வீட்டு வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர், இன்ன தோட்டம், இன்னார் மகன் இன்னார், இத்தனை வெள்ளி என்று புத்தகத்தில் எழுதிக் கொள்கிறார். அப்புத்தகம் பெட்டியிலே பத்திரமாகப் பூட்டி வைக்கப்படும். ஆண்டு பல கழிந்து, எழுதினவர் வீட்டில் விசேஷம் வரும்போது வெளியே வரும். ஐம்பது வெள்ளி எழுதினவருக்கு நாற்பது வெள்ளி திருப்பி எழுதி, அதனால் உறவு கசந்து போன குடும்பங்களும் உண்டு. உண்டியலோ வேறு. அதில் விழுந்த காசுக்குப் பெயரில்லை, ஊரில்லை. கிராணியார் போட்ட காசும், பால்மரம் வெட்டும் பெண்பிள்ளை முந்தானையில் முடிந்து கொணர்ந்து போட்ட காசும் உள்ளே சென்று கலந்த பின்னர், எது எவருடையது என்று பிரித்தெடுக்கப் படைத்தவனாலும் ஆகாது. மொய் கொடுத்தவரையும் வாங்கினவரையும் கட்டிப் போடுகின்றது. உண்டியல் இருவரையும் அவிழ்த்து விடுகின்றது.

கலியாணத்தையும் கோயிலையும் பற்றி எழுத நாம் இங்கே புகவில்லை. போரினால் அல்லலுறும் தேசங்களுக்கு உலகத்து அரசாங்கங்களும் ஜனங்களும் அனுப்பும் உதவியைப்பற்றி ஆராய்வதே நமது நோக்கம். அவ்வுதவியில் மிகப் பெரும்பங்கு இன்றளவும் மொய்யாகவே நடைபெறுகின்றது. ஒரு வல்லரசு தனக்கு வேண்டிய தேசத்துக்கு, தான் குறித்த காரியத்துக்கு, தனது கொடியை மூட்டையின்மேல் அச்சிட்டு அனுப்புகின்றது. அதற்கு மாறாக, உண்டியலொன்றை வைத்து, எல்லாரும் இடம் குறியாமல் அதில் இடுக, எங்கே துன்பம் மிகுதியோ அங்கே அது செல்லுக என்னும் ஏற்பாடு சென்ற முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மெள்ள வளர்ந்து வருகின்றது. இதைப் பொது நிதி என்று வழங்குவோம். இப்பொது நிதி மொய்யைவிட அறத்தால் உயர்ந்ததா, அன்றிக் கணக்கு வசதிக்காக ஏற்பட்ட உபாயம் மட்டுமா? உயர்ந்தது என்பதே நமது கட்சி. ஆனால் உண்டியலின் சாவி எவரிடம் இருக்கின்றதென்று கேளாமல் அப்படிச் சொல்லிவிடுவதற்கில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சுமத்ராவுக்கருகே கடலடியில் நிகழ்ந்த பூகம்பத்தால் எழுந்த ஆழிப்பேரலையை இந்நாட்டவருக்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. பினாங்கிலும் கெடாவிலும் அவ்வலை வந்து உயிர்களைக் கொண்டு போயிற்று. அச்சே, இலங்கை, நாகப்பட்டினம் ஆகிய இடங்களின் காட்சிகளைக் கண்டு உலகமே கைதிறந்து கொடுத்தது. எவ்வளவு கொடுத்ததென்றால், எல்லைகளற்ற மருத்துவர்கள் என்னும் வைத்திய ஸ்தாபனம் 2005 ஜனவரி முதல் வாரத்திலேயே, ஆழிப்பேரலைக்காகத் தான் செய்யவிருக்கும் வேலைக்குப் போதிய பணம் சேர்ந்துவிட்டது, இனி அதற்கென்று அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தது. அதுவரை கொடுத்தவர்களிடம், மிஞ்சிய பணத்தை வேறு தேசங்களில் செலவிட அனுமதியும் கேட்டது. பிற ஸ்தாபனங்களிற் சில இதைக் கண்டு முகஞ்சுளித்தன. உண்டியல் நிரம்பிவிட்டது, போடாதீர்கள் என்று சொல்லும் தருமகர்த்தாவை உலகம் அடிக்கடி காண்பதில்லையன்றோ!

அதே காலத்தில் சூடான் தேசத்தின் மேற்கே டார்பூரில் கிராமம் கிராமமாகத் தீக்கிரையாகிக் கொண்டிருந்தது. காங்கோ தேசத்தின் கிழக்கே, ஆயுதம் தாங்கிய கூட்டங்களுக்கு அஞ்சிக் காட்டில் ஒளிந்த ஜனங்கள் காய்ச்சலாலும் பேதியாலும் மடிந்து கொண்டிருந்தனர். அங்கே அலை எழவில்லை. ஒரே நாளில் உலகம் திடுக்கிடும்படி ஒன்றும் நிகழவில்லை. ஆகவே அங்கே பணமும் அவ்வாறு பாயவில்லை. கொடுத்தவர்கள் கொடியவர்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் கண்டதற்கு இரங்கினார்கள், காணாததற்கு இரங்கவில்லை. கருணைக்குக் கண் உண்டு. ஆனால் அது கிட்டப்பார்வைக் கண்.

இதிலே குற்றம் என்ன என்று கேட்கலாம். என் காசு, என் மனம், என் விருப்பம் என்பார் ஒருவர். கொடாதவனைவிட, விரும்பிய இடத்தில் கொடுப்பவன் மேலானவன்தானே? மேலானவன்தான். ஆனால் அவன் விருப்பமே அளவுகோலாகிவிடும்போது, துன்பப்படுகிறவனுக்குத் துன்பத்தோடு மற்றொரு வேலையும் வந்து சேர்கின்றது: கொடுப்பவன் கண்ணில் படவேண்டும், அவன் மனத்துக்குப் பிடிக்க வேண்டும், அவனுடைய பகைவனுக்குப் பகைவனாக இருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஏமன் தேசத்துக்காக ஐக்கிய நாடுகள் சபை 427 கோடி அமெரிக்க டாலர் வேண்டுமென்று கேட்டது. கூடிய அரசாங்கங்கள் வாக்களித்தது ஏறக்குறைய 130 கோடி. உக்ரேன்மேல் ருஷ்யா படையெடுத்து அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது. உக்ரேனியருக்குச் சென்ற காசை நாம் குறை கூறவில்லை. அவர்கள் துன்பமும் துன்பமே. ஏமன் குழந்தையின் பசி அந்த மூன்று வாரத்தில் எவ்விதத்தில் குறைந்துவிட்டது என்பதுதான் நமது கேள்வி.

இக்குறையை நீக்குவதற்குச் செய்த முயற்சியின் வரலாறு சுவையுள்ளது. 1991 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 46/182 என்னும் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. மனிதாபிமானம், பட்சபாதமின்மை, நடுநிலைமை ஆகியவையே உதவிக்கு ஆதாரம் என்று கூறிய அத்தீர்மானத்தின்படி, அவசர உதவிக்கென ஐந்து கோடி டாலர் கொண்ட மத்திய நிதியொன்று ஏற்பட்டது. ஆனால் அது கடன் கொடுக்கும் நிதி. ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த ஸ்தாபனம் ஒன்று அதிலிருந்து எடுத்து உடனே செலவு செய்யலாம். பிறகு அரசாங்கங்களிடமிருந்து நன்கொடை வந்ததும் திருப்பிக் கட்டவேண்டும். இதிலுள்ள ஓட்டையை வாசகர்கள் உடனே கண்டுகொள்வர். நன்கொடை நிச்சயம் வரும் என்ற இடத்துக்கே எவரும் துணிந்து கடன் எடுப்பர். ஒருவரும் திரும்பிப் பாராத தேசத்துக்காகக் கடன் எடுத்தால் அடைப்பவர் யார்? உதவி மிகவும் வேண்டிய இடங்களுக்கே அப்பெட்டி எளிதில் திறக்கவில்லை. பெயர்தான் உண்டியல், உள்ளே மொய்ப் புத்தகம்.

ஆழிப்பேரலை வந்து ஓராண்டு கழித்து, 2005 டிசம்பரில், பொதுச்சபை இதைத் திருத்தியது. 2006 மார்ச்சில் தொடங்கிய புதிய நிதியில் கடனோடு மானியமும் சேர்ந்தது. அம்மானியத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திடீரென நேரும் ஆபத்துக்களுக்கும், மூன்றில் ஒரு பங்கு பணம் போய்ச் சேராத பழைய துன்பங்களுக்கும் என்று வகுத்தனர். இந்த மூன்றிலொரு பங்கைப் பற்றி நமக்கு மிக்க மதிப்புண்டு. ஒருவராலும் கவனிக்கப்படவில்லை என்பதையே உதவி பெறுவதற்குரிய தகுதியாக ஏற்றுக்கொண்ட விதி அது. ஆண்டுக்கு 45 கோடி டாலர் சேர்ப்பது முதற் குறிக்கோள். 2016இல் அதை 100 கோடியாக உயர்த்தினர். 2025 வரை எந்த ஆண்டிலும் அந்த நூறு கோடி சேரவில்லை. நூற்றிருபதுக்கு மேற்பட்ட தேசங்கள் அதில் காசு போட்டிருக்கின்றன. அவற்றுட் சில, தமக்கு ஆபத்து வந்தபோது அதிலிருந்தே பெற்றுக்கொண்டவை. ஆனாலும் பெரும்பகுதியைத் தாங்குவன ஜெர்மனி, பிரிட்டன், ஸ்வீடன், நார்வே, நெதர்லாந்து போன்ற சில ஐரோப்பிய தேசங்களே.

அதே 2006ஆம் ஆண்டில் சூடானிலும் காங்கோவிலும் அவ்வத் தேசத்துக்கென்றே தனிப் பொது நிதிகளும் தொடங்கின. பின்னர் சோமாலியா, தென் சூடான், ஆப்கானிஸ்தான், ஏமன், சிரியா, உக்ரேன் முதலிய இடங்களுக்கும் இவ்வழக்கம் பரவிற்று. மத்திய நிதியிலிருந்து நேரே பணம் பெறுவன ஐக்கிய நாடுகளின் ஸ்தாபனங்களே. தேச நிதிகளோ அவ்வூர்ச் சங்கங்களுக்கும் நேராகக் கொடுக்கலாம். அங்கேயே தங்கியிருக்கும் தலைமை உத்தியோகஸ்தர் ஒருவர், பணம் கொடுத்த அரசாங்கங்களின் பிரதிநிதிகளும் ஸ்தாபனங்களின் பிரதிநிதிகளும் உட்கார்ந்த ஆலோசனைக் குழுவைக் கலந்துகொண்டு, எதற்கு எவ்வளவு என்று தீர்மானிக்கிறார்.

வள்ளுவர் ஈகை என்னும் அதிகாரத்துக்கு முன்னே ஒப்புரவறிதல் என்றோர் அதிகாரத்தை வைத்திருக்கிறார். இரண்டும் கொடுப்பதைப் பற்றியன. ஆயினும் வேறு வேறு. ஈகை என்பது இல்லாதவன் எதிரில் வந்து நிற்க, அவன் முகம் பார்த்துக் கொடுப்பது. ஒப்புரவு என்பது தான் வாழும் உலகத்துக்குத் தான் செலுத்தவேண்டிய கடமையை அறிந்து செய்வது. அங்கே கேட்பவன் முகம் எதிரில் இருக்க வேண்டுவதில்லை. பொது நிதியில் இடும் காசு ஒப்புரவுக் காசு என்பது நமது துணிபு. அதனாலேயே அது மனத்துக்கு உடனே இனிப்பதில்லை. நன்றி சொல்ல ஒருவரும் வரமாட்டார், படம் வராது, இன்ன குழந்தை உம்மால் பிழைத்தது என்று கடிதமும் வராது. முகமில்லாத கொடை நாளடைவில் வறண்டுபோகும் என்று அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சம் பொய்யன்று. நூறு கோடி சேராததற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

இனி, வாங்குகிறவன் பக்கம் நின்று பார்ப்போம். அதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. நம் முன்னோரிற் பலர் இந்நாட்டுக்கு வந்த கப்பற்கூலியே ஒரு பொது நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது. 1907இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று சட்டத்தால் ஏற்பட்டது. அதற்கு முன்னர், ஒரு தோட்டத்துத் துரை செலவு செய்து ஆளைக் கொணர்ந்தால், அச்செலவு அந்த ஆளின் தலையில் கடனாக ஏறும். கடன் தீருமட்டும் அவன் அத்தோட்டத்தை விட்டு அசைய முடியாது. நிதி ஏற்பட்ட பின்னர், தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள் எல்லாரும் ஆட்கணக்குப்படி வரி செலுத்தினர். கப்பற்கூலி அத்தொகையிலிருந்து சென்றது. எந்தத் தோட்டத்துக் காசு எவனைக் கொண்டு வந்தது என்று சொல்ல வழியில்லாமற் போயிற்று. ஆகவே கரையில் கால் வைக்கும்போது அவன் தலையில் வழிச்செலவுக் கடன் இல்லை. முதலாளிகள் கருணையால் இதைச் செய்தார்கள் என்று எவரும் மயங்க வேண்டாம். ஒருவர் செலவு செய்து வரவழைத்த ஆளை மற்றொருவர் இழுத்துக்கொள்ளும் சச்சரவை ஒழிக்கவே செய்தார்கள். நோக்கம் எதுவாயினும், கொடுத்தவன் இன்னான் என்று தெரியாதபோது, வாங்கினவன் எவனுக்கும் அடிமை இல்லை என்பது அதனால் நமக்கு விளங்குகின்றது. போரில் சிக்கிய தேசத்துக்கு இது சின்ன விஷயமன்று. இன்ன வல்லரசின் கொடி பொறித்த மாவு மூட்டையை வாங்கினவள் என்பதற்காகவே மற்றொரு படையின் சந்தேகத்துக்கு ஆளாகக்கூடிய ஒரு தாய்க்கு, கொடியில்லாத மூட்டை எவ்வளவு பெரிய பாதுகாப்பு!

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. அக்குடியேற்ற நிதியை நிர்வகித்த கமிட்டியில் உட்கார்ந்தவர்கள் அரசாங்க உத்தியோகஸ்தரும் தோட்டக்காரருமே. யார் பெயரால் நிதி ஏற்பட்டதோ அந்தத் தொழிலாளிக்கு அங்கே நாற்காலி இல்லை. கப்பலில் எத்தனை பேர் வரலாம் என்பது அவர்கள் கையில் இருந்தது. ஆட்கள் பெருகினால் கூலி உயராது என்பதை அவர்கள் அறியாதவர்களும் அல்லர். உண்டியல் ஒரு துரையின் பிடியை அவிழ்த்தது; எல்லாத் துரைமாருடைய பிடியையும் ஒன்றாக முடிந்தது. பொது நிதி என்ற பெயரைக் கேட்டதும் கைதட்டும் நண்பர்கள் இந்த வரலாற்றை நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்றைய நிதிகளின் சாவி எவரிடம் உள்ளது? 2016 மே மாதம் இஸ்தான்புல் நகரில் நடைபெற்ற உலக மனிதாபிமான மாநாட்டில், பெரிய அரசாங்கங்களும் பெரிய ஸ்தாபனங்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. உதவிப் பணத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கை, துன்பம் நிகழும் தேசத்தவரின் சொந்தச் சங்கங்களுக்கே, கூடியவரை நேராக, 2020க்குள் கொடுப்பது என்பது அதன் ஷரத்துக்களில் ஒன்று. 2020 வந்தது, போயிற்று; இருபத்தைந்து வரவில்லை. பணம் முதலில் பெரிய ஸ்தாபனத்துக்கு, அங்கிருந்து அதனிலும் சிறியதற்கு, அங்கிருந்து ஊர்ச் சங்கத்துக்கு என்று படிப்படியாக இறங்குகின்றது. ஒவ்வொரு படியிலும் ஓர் ஆபீசு, ஆபீசுக்கு வாடகை. தேச நிதிகள் இவ்விஷயத்தில் மற்றவற்றைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்வோம். ஆயினும் அவற்றிடம் பணம் பெறச் சங்கம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், அதன் தகுதி பரிசோதிக்கப்பட வேண்டும், தணிக்கைக்கு உட்பட வேண்டும்.

இது சாதாரண காலத்துக்கு நியாயமே. 2023 ஏப்ரல் 15ஆம் நாள் சூடானின் தலைநகர் கார்த்தூமில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். தேசத்தின் இராணுவமும், அதிரடி ஆதரவுப் படை என்னும் துணைப்படையும் ஒன்றையொன்று தாக்கிக்கொண்டன. அயல்நாட்டுத் தூதர்களும் பெரிய ஸ்தாபனத்தாரும் சில நாட்களுக்குள் நகரை விட்டு வெளியேறினர். தெருக்களில் எஞ்சியவர் ஊரார். 2018, 2019ஆம் ஆண்டுகளின் புரட்சியின்போது தெருத்தோறும் அமைத்திருந்த குழுக்களின் பழக்கத்தைக்கொண்டு, இளைஞரும் பெண்களும் அவசர உதவி அறைகள் என்னும் அமைப்புக்களை உண்டாக்கினர். அறுவடைக்கும் வீடு கட்டுவதற்கும் ஊரையே கூவியழைக்கும் நபீர் என்னும் பழைய வழக்கம் அத்தேசத்தில் உண்டு. அதுவே இதற்கு அடிப்படை. பொதுச் சமையற்கூடங்களில் அவரையும் பருப்பும் பெரிய பானைகளில் வெந்தன. வெளிநாட்டிலுள்ள சூடானியர் கைத்தொலைபேசி மூலம் பணம் அனுப்பினர். இரு தரப்புப் படையினரும் இத்தொண்டர்களைச் சந்தேகித்துச் சிறைப்பிடித்தனர், பலர் கொல்லப்பட்டனர். 2025இல் ரைட் லைவ்லிஹூட் பரிசும், நார்வேயின் ராப்டோ பரிசும் இவர்களுக்கு அளிக்கப்பட்டன. பரிசு கொடுக்கும் உலகம் பணம் கொடுக்கையில் தயங்கியது. பதிவுச் சீட்டு இல்லாத சமையற்கூடத்துக்கு நேரே கொடுப்பதற்கு விதியில்லை. ஆகவே இடையிலே ஒரு ஸ்தாபனம் வேண்டும்.

2025 ஜனவரியில் அமெரிக்க அரசாங்கம் தன் அயல்நாட்டு உதவியைத் திடீரென நிறுத்தியபோது, சில வாரங்களுக்குள் சூடானில் ஆயிரத்து நூறுக்கு மேற்பட்ட பொதுச் சமையற்கூடங்கள் மூடப்பட்டதாகச் செய்தி வந்தது. ஒரே கொடையாளியின் மனம் மாறினால் ஆயிரம் அடுப்பு அணையும் என்பது மொய் முறையின் இயல்பு. எல் பாஷேர் என்னும் நகரம் 2024 முதல் முற்றுகையிடப்பட்டு, 2025 அக்டோபரில் துணைப்படையின் கையில் வீழ்ந்தது. முற்றுகைக் காலத்தில் அந்நகரத்தார் கால்நடைக்கு வைக்கும் கடலைப் பிண்ணாக்கைத் தின்று உயிர் தரித்தனர்.

கணக்கெழுதிப் பிழைப்பவர்கள் நாம். ரசீது இல்லாத செலவென்றால் நமக்கு உறக்கம் வராது. ஐந்து காசு குறைந்தாலும் மாதக் கடைசியில் புத்தகத்தை மூட மனம் ஒப்பாது. ஆதலால் கணக்குக் கேட்பவரை நாம் பரிகசிக்க மாட்டோம். பொதுப் பணத்தைத் தின்றவனைப் போலக் கீழானவன் இல்லை. போர் நடக்கும் இடத்தில் உதவி களவு போவது கட்டுக்கதையும் அன்று. களவு போன தானியம் சிப்பாயின் வயிற்றை நிரப்பிப் போரை நீட்டிக்கவும் கூடும். இவ்வளவையும் ஒப்புக்கொண்டு, சோமாலியாவில் நேர்ந்ததைச் சொல்கிறோம்.

2010 மார்ச்சில், ஐக்கிய நாடுகளின் கண்காணிப்புக் குழுவொன்று, அத்தேசத்துக்குச் சென்ற உணவு உதவியில் பாதி வரை திசைமாறிப் போகின்றது என்று அறிக்கை வெளியிட்டது. உலக உணவுத் திட்டத்தார் அதை மறுத்தனர். அதற்கு முன்னரே, அல்-ஷபாப் என்னும் ஆயுதக் கூட்டத்தின் மிரட்டலால் அவர்கள் தென்பகுதியின் பல இடங்களில் வேலையை நிறுத்தியிருந்தனர். 2008இல் அக்கூட்டத்தைப் பயங்கரவாத இயக்கம் என்று அறிவித்த அமெரிக்கா, தன் பணம் அதன் கையில் சிக்கும் என்று அஞ்சி உதவியைப் பெரிதும் குறைத்தது. பிறகு மழை பொய்த்தது. அல்-ஷபாப் பல ஸ்தாபனங்களை உள்ளே விடவும் இல்லை. 2011 ஜூலையில் பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்கப்பட்டது. 2013இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, 2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல் வரை ஏறக்குறைய 2,58,000 பேர் மாண்டனர் என்றும், அவர்களிற் பாதிப்பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் என்றும் கணக்கிட்டது.

களவு போன மூட்டைக்குப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. அனுப்பாத மூட்டையால் செத்தவனுக்கு எந்தப் புத்தகத்திலும் வரி இல்லை. தணிக்கைக்காரர் முதலாவதைக் கண்டுபிடித்துக் கேள்வி கேட்பார். இரண்டாவதைப் பற்றி ஒருவரும் கேளார். ஆகவே அஞ்சுகின்ற உத்தியோகஸ்தர் எப்பக்கம் சாய்வார் என்பது தெளிவு. அவர் கெட்டவர் அல்லர்; அவருடைய புத்தகம் அவ்வாறு கோடு கிழிக்கப்பட்டிருக்கின்றது. பொது நிதியின் மற்றொரு நன்மை இங்கேதான் தோன்றுகின்றது. பலர் சேர்ந்து இட்ட காசில் நட்டம் வந்தால் அது பலருக்கும் பங்காகின்றது. ஒரே அரசாங்கத்தின் தலை குனிவதில்லை. துணிவும் அதனால் சற்றுக் கூடுகின்றது. சோமாலியாவிலேயே பஞ்சத்தின்போது சில ஸ்தாபனங்கள் லாரியில் தானியம் அனுப்புவதை விட்டு, ஹவாலா வியாபாரிகள் மூலமாகக் குடும்பங்களின் கையில் பணமாகவே சேர்த்தன. (நம்மவர் இம்முறைக்கும் உண்டியல் என்றே பெயரிட்டிருப்பது வேடிக்கையான பொருத்தம்.) களவு முற்றும் ஒழியவில்லை, ஆனால் மூட்டையை நிறுத்துவதற்கும் மூட்டையைப் பறிகொடுப்பதற்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று இருந்தது என்பது அதனால் தெரிகின்றது.

கணக்கு யாரிடம் ஒப்புவிக்கப்படுகின்றது என்பதும் பெரிய கேள்வி. சமையற்கூடத்தில் சோறு வாங்கினவருக்கு, இன்று பருப்பு எத்தனை மூட்டை வந்தது, எத்தனை பேர் உண்டார்கள் என்பது நன்றாகத் தெரியும். ஜெனீவாவிலிருந்து வரும் தணிக்கைக்காரருக்கு அது தெரியாது. ஆயினும் அவருக்குத்தான் அறிக்கை போகின்றது. உண்டவரிடம் ஒருவரும் படித்துக் காட்டுவதில்லை. ஆலோசனைக் குழுவில் அரசாங்கப் பிரதிநிதிக்கு நாற்காலி இருப்பதுபோல் அந்தப் பசித்தவருக்கும் ஒரு நாற்காலி இடலாகாதா? படிப்பில்லாதவர் என்பர். 1907இல் நம்மவரைப் பற்றியும் அதையே சொன்னார்கள் போலும்.

2025 டிசம்பர் கடைசியில் அமெரிக்க அரசாங்கம், ஐக்கிய நாடுகளின் பொது நிதிகள் வாயிலாக 200 கோடி டாலர் கொடுப்பதாக அறிவித்தது. இது முன்னாளில் அது கொடுத்ததை நோக்க மிகச் சிறிது. ஆயினும் மொய்க்குப் பழகின கை உண்டியலை நாடியதென்று மகிழலாம். மகிழ்வதற்கு முன் அதனுடன் வந்த பட்டியலையும் பார்க்க வேண்டும். பணம் முதலில் பதினேழு தேசங்களுக்கு என்று குறிக்கப்பட்டது. ஆப்கானிஸ்தான் அப்பட்டியலில் இடம் பெறவில்லை. உண்டியலில் காசு போடுகிறவர், போடும்போதே ஒரு சீட்டையும் எழுதி உள்ளே போட்டால் அதற்கு என்ன பெயர் இடுவது? துவாரம் உண்டியலினுடையது, எழுத்து மொய்ப் புத்தகத்தினுடையது. இப்படிப்பட்ட காசை வாங்காதே என்று சொல்லும் துணிவு நமக்கில்லை, ஏனெனில் அப்பதினேழு தேசங்களிலும் பசி உண்டு. ஆனால் அதைப் பொது நிதி என்று அழைப்பதற்கு நாம் உடன்படோம்.

நமது ஊர்களிலும் சங்கங்கள் காசாவுக்கென்றும், மியன்மாருக்கென்றும், சூடானுக்கென்றும் அவ்வப்போது வசூல் செய்கின்றன. இளைஞர்கள் பெட்டியேந்திக் கடைத்தெருவில் நிற்பதைக் கண்டு பெருமையடைகிறோம். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். அடுத்த முறை ஒரு பெட்டியின்மேலாவது தேசத்தின் பெயர் எழுதாமல் விட்டுப் பாருங்கள். தேவை மிகுந்த இடத்தில் செலவிடலாம் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். 2005இல் அந்த வைத்தியர்கள் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நாட்கள் மிச்சமாகும். ஆண்டு முடிவில் அந்த நிதியார் வெளியிடும் கணக்கை வரவழைத்துப் பொதுக்கூட்டத்தில் தமிழில் படித்துக் காட்டுங்கள், பத்துப் பேரே வந்தாலும் சரி. அதில் ஊர்ச் சங்கங்களின் கைக்கு நேரே சென்றது எவ்வளவு என்னும் வரியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.